பெயரைத் திருப்பிக் கேட்ட பட்டாளம்

திருத்தூதர் பணிகள் நூலின் பத்தாம் அதிகாரத்தில் கொர்னேலியு என்னும் நூற்றுவர் தலைவரைச் சந்திக்கிறோம். செசரியா நகரில் வாழ்ந்த அவரை இத்தாலியப் படைப்பிரிவைச் சார்ந்தவர் என்று தூய லூக்கா அறிமுகம் செய்கிறார். பிற இனத்தாருக்குத் திருச்சபையின் கதவு திறந்தது இந்தப் படைவீரரின் இல்லத்தில்தான். ஆயினும் அவர் பணியாற்றிய அந்த இத்தாலியப் படைப்பிரிவு என்னவாயிற்று என்று நாம் கேட்பதில்லை. இத்தாலிய என்னும் பெயர் தாங்கிய உரோமைப் படைப்பிரிவு ஒன்றின் வீரர் ஒருவருடைய கல்லறைக் கல் ஆஸ்திரிய நாட்டில் கிடைத்திருக்கிறது. எஞ்சியவை கால வெள்ளத்தில் கரைந்துபோயின. படை கலைந்தது, கொடி மறைந்தது, ஒருவரின் செபமும் தருமமும் மட்டும் இறைவனின் திருமுன் நினைவுகூரப்பட்டன.

இவ்வளவையும் நாம் சிந்திக்கத் தொடங்கியதற்குக் காரணம் நம் பங்கைச் சார்ந்த ஒரு முதியவர். மெட்ராஸ் ரெஜிமெண்டில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் ஒருநாள் பூசைக் கருத்து எழுதும் ஏட்டின் முன் வந்து நின்றார்.

“சாமி, செத்துப்போன ஆத்துமாக்களுக்கு ஒரு பூசை வைக்கணும்.”

“யார் பெயருக்கு?” என்றோம்.

“பேர் தெரியாது சாமி. வேலூர்க் கோட்டையிலே செத்துப்போன சிப்பாய்களுக்கு.”

மனைவியின் மருத்துவத்திற்காக வேலூர் சென்றிருந்த அவர், ஒரு மாலைப் பொழுதில் கோட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். “வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் கல்லறைத் தோட்டத்துல கல் இருக்கு. நம்மாள்களைப் பொதைச்ச இடம் எதுன்னு கேட்டா யாருக்கும் தெரியலை. அவங்கள்லே பாதிப்பேர் நம்ம சீமை ஆள்கதானே சாமி?” என்றார்.

நாம் உடனே எழுதவில்லை. “ஒரு வாரம் பொறுங்கள்” என்று சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வாரம் பல வாரங்களாயிற்று. உறங்கிக் கொண்டிருந்தவர்களைக் கொன்றவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. கிறித்தவர் அல்லாதோருக்காக ஒப்புக்கொடுக்கலாமா என்பது மற்றொரு கேள்வி. இவற்றுக்கு விடை காணுமுன் அந்தச் சிப்பாய்கள் யார் என்பதை அறிந்துகொள்ளக் கடமைப்பட்டோம்.

கடற்கரைச் சிப்பாய்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் தம் வாணிகத்தைக் காக்கத் தொடக்கத்தில் வைத்திருந்தவர்கள் ஒழுங்கற்ற காவலர்களே. பிரெஞ்சுக்காரரோடு பகை முற்றிய நாளில், 1758-ஆம் ஆண்டின் இறுதியில், தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். அந்நெருக்கடியில் இந்நாட்டுச் சிப்பாய்கள் பட்டாலியன்களாக வகுக்கப்பட்டுக் ‘கடற்கரைச் சிப்பாய்கள்’ எனப்பட்டனர். அவற்றுள் முதலாவது பட்டாலியனே பின்னாளில் மெட்ராஸ் காலாட்படையின் முதலாம் ரெஜிமெண்டாக வளர்ந்தது. இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்டும் தன் பிறப்பை அந்த 1758-ஆம் ஆண்டிலிருந்தே எண்ணுகிறது.

அந்நாளில் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக இருந்தவரை மதுரை மக்கள் நன்கறிவர். அவர்தாம் கான்சாகிபு என்னும் முகமது யூசுப்கான். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர் அவர். துணைவியார் கிறித்தவக் குடும்பத்தில் தோன்றியவர் என்பர். லாலியின் முற்றுகையின்போது கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுப் படைக்கு ஓயாத தொல்லை கொடுத்தவர் அவரே. பின்னர் மதுரைச் சீமையை ஆள அனுப்பப்பட்டார். நவாபுக்கும் கம்பெனிக்கும் அடங்க மறுத்தபோது, அவர் ஒருகாலத்தில் தலைமை தாங்கிய கம்பெனிப் படையே 1763-இல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டது. முதல் முற்றுகை தோற்றது. மறு ஆண்டு அக்டோபர்த் திங்களில், மார்ஷான் என்னும் பிரெஞ்சு அதிகாரி உள்ளிட்ட உடனிருந்தோரே அவரைக் கட்டிப் பகைவரிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

சிப்பாய்ப் பட்டாளத்தின் தொடக்கத்திலேயே இந்த முரண் குடிகொண்டிருந்தது. யாருக்காகப் போரிடுகிறோம் என்ற கேள்வியைச் சிப்பாய் கேட்கக்கூடாது. கேட்டால் கயிறுதான் விடை. எனினும் ஊர்ப்புறத்துக் குடியானவனுக்கு மாதந்தோறும் வரும் சம்பளம் பெரிய ஈர்ப்பாயிருந்தது. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்ட பின் தென்பாண்டிச் சீமையின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வாள்தொழில் அன்றி வேறு அறியாதோர் பலர் பிழைப்புக்கு வழியின்றித் தவித்தனர். அவர்களில் பலரும் கம்பெனியின் 23-ஆம் ரெஜிமெண்டில் சேர்ந்தனர். தம் தலைவர்களைத் தூக்கிலிட்டவர்களின் சட்டையையே அவர்கள் அணிய நேர்ந்தது. முதியவர் “நம்ம சீமை ஆள்க” என்று சொன்னதில் உண்மை உண்டு.

நெற்றியும் தொப்பியும்

1806-ஆம் ஆண்டில் வேலூரில் நிகழ்ந்ததைப் பேசுமுன், சரியாக இருநூறு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 1606-இல் இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி மதுரை வந்து சேர்ந்தார். அவர் திருத்தந்தையின் படையில் பணியாற்றிய பிரபு ஒருவரின் மைந்தர். அவருக்கு முன்பே மதுரையில் இருந்த இயேசு சபைத் துறவி கொன்சாலோ பெர்னாந்தசு முன்னாள் போர்வீரர், நல்லவர். ஆனால் இவ்வூரார் அவரிடம் வரவில்லை. கிறித்தவராவது என்றால் பறங்கியாவது என்றே மக்கள் கருதினர். இறைச்சியும் மதுவும் தோற்காலணியும் தொப்பியுமே அந்த மதத்தின் அடையாளங்கள் என்று எண்ணினர்.

நொபிலி அந்த அடையாளங்களைக் களைந்தார். தோற்காலணியை விட்டு மரப்பாதக்குறடு அணிந்தார். காவி உடுத்தினார். தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகரானார். அவரிடம் திருமுழுக்குப் பெற்றோர் பூணூலும் குடுமியும் நெற்றிச் சந்தனமும் விடவேண்டியதில்லை என்றார். இதன்பொருட்டு அவர் மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. இறுதியில் 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவ்வழக்கங்களை, மூடநம்பிக்கை நீக்கி, அனுமதித்தார். இம்முறை சாதிப் பிளவுகளையும் திருச்சபைக்குள் கொண்டுவந்து விட்டது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அப்புண் நம் பங்குகளில் இன்னும் ஆறவில்லை. ஆயினும் ஒருவன் நெற்றியில் கைவைக்குமுன் அவன் உள்ளத்தை அறியவேண்டும் என்ற பாடத்தை ஓர் இத்தாலியர் நம் மதுரையில் கற்றார்.

அந்தப் பாடத்தை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கம்பெனியார் கற்றிருக்கவில்லை. தளபதி சர் ஜான் கிராடாக்கின் காலத்தில் புதுத் தலைப்பாகை ஒன்று புகுத்தப்பட்டது. அது தொப்பியைப் போன்றிருந்தது. தோலாலான குஞ்சமும் அதில் உண்டு. 1806 மார்ச்சுத் திங்களில் மற்றொரு கட்டளை வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது; காதணி கூடாது; தாடியை மழிக்க வேண்டும்; மீசையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கட்டளை எழுதியவர்களுக்கு அது அணிவகுப்பின் ஒழுங்கு. சிப்பாய்க்கோ அது தாய் தந்தையர் முகத்தில் விழிக்க முடியாதபடி செய்யும் அவமானம். தொப்பி போட்டவனுக்குப் பெண் கொடுப்பவர் யார்? பந்தியில் இடம் தருபவர் யார்? இது தம்மைக் கிறித்தவராக்கும் சூழ்ச்சி என்ற பேச்சு பாளையத்திற்குப் பாளையம் பரவியது.

அவ்வாறு ஒரு சூழ்ச்சி இருந்ததாகச் சான்றில்லை. ஆயினும் நம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. சிலுவையில் அறையுண்டவரின் பெயர், எளியவனின் செவியில், அவனுடைய மானத்தைப் பறிக்க வரும் பெயராக ஒலித்திருக்கிறது. அதிகாரத்தோடு சேர்ந்து நடக்கும்போது நற்செய்திக்கு நேரும் கேடு இதுவே.

ஓர் இரவும் ஒரு பகலும்

மே மாதத்தில் வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். இந்து ஒருவருக்கும் இசுலாமியர் ஒருவருக்கும் கசையடி கொடுத்துப் பணியினின்று நீக்கினர். முணுமுணுப்பு அடங்கியது போல் தோன்றியது. ஜூன் திங்களில் முதலாம் ரெஜிமெண்டைச் சார்ந்த முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், கலகத்திற்கு ஏற்பாடு நடப்பதாகத் தம் அதிகாரியிடம் சொன்னார். அவரைப் பித்தர் என்று சொல்லி விலங்கிட்டனர். பின்னர் அவருக்கே பரிசும் ஓய்வூதியமும் வழங்கினர்.

அப்போது வேலூர்க் கோட்டை அரண்மனையில் திப்பு சுல்தானின் குடும்பத்தார் காவலில் இருந்தனர். ஜூலை 9-ஆம் நாள் அங்கே திருமண விழா. வருவோரும் போவோருமாகக் கோட்டை நிறைந்திருந்தது. அன்றிரவு கழிந்து ஜூலை 10 விடியுமுன், இரண்டு மணிக்கு மேல், முதலாம் ரெஜிமெண்டும் 23-ஆம் ரெஜிமெண்டும் எழுந்தன. 69-ஆம் பிரித்தானிய ரெஜிமெண்டின் வீரர்கள் தங்கியிருந்த கொட்டடிகளின் சன்னல் வழியே குண்டுகள் பாய்ந்தன. உறக்கத்தில் இருந்தோரும் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தோரும் கொல்லப்பட்டனர். கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட் மாண்டார். சிப்பாய்கள் தம் சொந்த அதிகாரிகள் பதினால்வரையும் 69-ஆம் ரெஜிமெண்டில் 115 பேரையும் கொன்றனர். மைசூர் அரசின் கொடி கோட்டை மேல் ஏறியது.

வென்றவர்கள் கோட்டைக் கதவுகளைக் காக்கத் தவறினர். செய்தி ஆர்க்காட்டிற்குப் பறந்தது. கில்லெஸ்பி என்னும் அதிகாரி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். சுவரில் எஞ்சி நின்ற வெள்ளையரோடு கயிற்றின் துணையால் ஏறிச் சேர்ந்துகொண்டார். பின் பீரங்கியால் கதவைத் தகர்த்துக் குதிரைகள் உள்ளே நுழைந்தன. ஒரு பகற்பொழுதுகூட நீடிக்கவில்லை அந்த வெற்றி. அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோடு நிறுத்தி, விசாரணை ஏதுமின்றிச் சுட்டுத் தள்ளினர். மொத்தம் ஏறக்குறைய 350 சிப்பாய்கள் மாண்டனர் என்பது ஒரு கணக்கு. இன்னும் மிகுதி என்போரும் உண்டு. பிறகு முறைப்படி நடந்த விசாரணையின் முடிவில் அறுவர் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடு கடத்தப்பட்டனர்.

தலைப்பாகைக் கட்டளை அந்த ஜூலைத் திங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிராடாக்கும் மறு ஆண்டு பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர். ஒரு நெற்றிக்குறியின் பொருட்டு இத்தனை உயிர்கள் போயின. அந்தக் குறியோ இறுதியில் நெற்றியிலேயே நின்றது.

எண்ணை இழந்தோர்

இறந்தோருக்குத் தண்டனை முடிந்தது. இருந்தோருக்கு வேறு தண்டனை காத்திருந்தது. 1807-இன் தொடக்கத்தில் 1, 23 என்னும் இரண்டு எண்களும் மெட்ராஸ் படைப் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் 24, 25 என்னும் புதிய எண்கள் தோன்றின. கலகத்தில் கலந்துகொள்ளாதோர் புதிய எண்ணின் கீழ் மீண்டும் பணியாற்றினர்.

எண்தானே என்று நமக்குத் தோன்றலாம். பட்டாளத்தில் எண் என்பது குலப்பெயர். முதலாம் ரெஜிமெண்டு என்றால் படையணியில் முதலிடம். ஹைதர் அலியோடு பொருத சோளிங்கர்க் களத்தின் நினைவு. தந்தையும் பாட்டனும் நின்ற வரிசை. அது போய் இருபத்து நான்காவது என்று கடைசியில் நிற்பது, ஊர் நடுவே இருந்த குடும்பத்தை ஊர்க்கோடிக்குத் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1817 நவம்பர் 26, 27 ஆகிய நாள்களில் நாகபுரியை அடுத்த சீதாபல்தி என்னும் குன்றுகளில் ஒரு கடும்போர் நடந்தது. ஆயிரத்து முந்நூறு அளவினரான கம்பெனிப் படையைப் பன்மடங்கு பெரிய போன்சலே படை சூழ்ந்தது. இரவு முழுதும் போர் ஓயவில்லை. குன்றின் மேல் நின்றோரில் 24-ஆம் ரெஜிமெண்டும் ஒன்று. அவர்கள் பின்வாங்கவில்லை, வெற்றியும் கிட்டியது.

அந்தச் சிப்பாய்கள் அதற்குக் கைம்மாறாகக் கேட்டது தம் பழைய எண்ணை. கேட்டது கிடைத்தது. 24-ஆம் ரெஜிமெண்டு மீண்டும் முதலாம் ரெஜிமெண்டாயிற்று. அவர்களுள் வேலூரில் தம் உடன்பிறந்தாரையோ ஊராரையோ இழந்தவர்கள் இருந்திருப்பார்கள். பழைய பெயரை அவர்கள் கேட்டது அந்த இறந்தவர்களுக்காகவும்தான் என்று எண்ணுவதில் தவறில்லை. வாயால் சொல்லக்கூடாத பெயர்களை ஓர் எண்ணுக்குள் ஒளித்துவைத்துக் காத்தார்கள்.

வழி அமைத்தோர்

பின்னாளில் இப்பட்டாளத்தின் தொழில் சற்றே மாறியது. 1883-இல் இது ‘பயனியர்’ படையாக்கப்பட்டது. துப்பாக்கியோடு மண்வெட்டியும் கோடரியும் தாங்கி, படைக்கு முன்னே சென்று பாதை அமைப்பதே பயனியர் வேலை. மேடுகளைத் தாழ்த்திப் பள்ளங்களை நிரப்பும் இப்பணியைப் பற்றிப் படிக்கும்போது, பாலைநிலத்தில் ஆண்டவருக்கு வழி அமைக்க அழைத்த இறைவாக்கினர் நம் நினைவுக்கு வருகிறார். ஆப்கானித்தானத்திலும், 1900-இல் சீனாவிலும் இவர்கள் பணியாற்றினர். 1903-இல் இவர்களுடைய எண் 61 ஆயிற்று.

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இவர்கள் இறக்கப்பட்டபோது, பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் உடனிருந்தது. கடற்பயணத்தில் நலிந்தும், போதிய பயிற்சியின்றியும், தளபதிகளின் குழப்பத்திற்கு இரையாகியும் அப்படை தோற்றது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். சீறிய தேனீக் கூட்டங்களும் இருபுறத்தாரையும் தாக்கின. பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியதைப் பலரும் எழுதினார்கள். அவர்களை அவ்வாறு அனுப்பியவர்களைப் பற்றி எழுதியோர் சிலரே.

இதற்குள் ‘போர்க்குணம் உடைய இனங்கள்’ என்றொரு கோட்பாடு ஆங்கிலேயப் படைத்தலைவர்களிடையே வேரூன்றியிருந்தது. தென்னாட்டார் போருக்குத் தகார் என்று ராபர்ட்ஸ் பிரபு போன்றோர் கருதினர். மெட்ராஸ் ரெஜிமெண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப்போருக்குப் பின் பாளையங்கோட்டைப் படை கலைந்தது. எஞ்சிய மெட்ராஸ் காலாட்படையும் 1920-களின் இறுதிக்குள் கலைந்தது. வேலூரில் பெயரிழந்து சீதாபல்தியில் பெயர் மீட்ட நம் பட்டாளம், சிக்கனத்தின் பெயரால், 1933-இல் மெட்ராஸ் பயனியர் படை கலைக்கப்பட்டபோது ஏட்டிலிருந்து மறைந்தது. இம்முறை திருப்பிக் கேட்க எவரும் இல்லை. ஆனால் அடுத்த உலகப்போர் மூண்டதும் அதே தென்னாட்டாரை அரசு தேடி வந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டு மீண்டும் எழுப்பப்பட்டது. நம் பங்கு முதியவர் சேர்ந்தது அதில்தான்.

ஏட்டில் எழுதியது

இனி அந்த இரு கேள்விகளுக்கு வருவோம். கிறித்தவர் அல்லாதோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா? வாழ்வோர், இறந்தோர் எவருக்காகவும் குருவானவர் திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 901-ஆம் பிரிவு வகுத்துள்ளது. இதில் ஐயமில்லை.

குற்றம் செய்து மாண்டோருக்காகச் செபிக்கலாமா? இறந்தோருக்கான மன்றாட்டைப் பற்றி மறைக்கல்வியில் நாம் வழக்கமாக எடுத்துக்காட்டும் மக்கபேயர் இரண்டாம் நூலின் பகுதியை மீண்டும் படித்தோம். எத்தனையோ முறை போதித்த பகுதிதான். இதுவரை நம் கண்ணில் படாத ஒன்று அன்று பட்டது. யூதா மக்கபே தம் வீரர்களின் சடலங்களை அடக்கம் செய்யச் சென்றபோது, அவர்கள் ஆடைக்குள் சட்டம் தடுத்த சிலைச் சின்னங்கள் இருக்கக் கண்டார். அவர்கள் மாசற்ற மறைசாட்சிகள் அல்லர்; தவறிழைத்துக் களத்தில் விழுந்த படைவீரர்கள். அவர்களை அவர் வெறுத்துத் தள்ளவில்லை. இரண்டாயிரம் வெள்ளிக் காசு திரட்டி எருசலேமில் பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்பினார். இறந்த விசுவாசிகளுக்காக நாம் செய்யும் மன்றாட்டுகளுக்கெல்லாம் விவிலியச் சான்றாக நிற்பது, குற்றமுள்ள சிப்பாய்களுக்காகச் செய்யப்பட்ட அந்தப் பலியே.

முதியவரை அழைத்துச் சொன்னோம். கூடவே ஒன்றைக் கேட்டோம். “அந்த இரவில் மாண்ட 69-ஆம் பட்டாளத்தாரையும் சேர்த்துக்கொள்ளலாமா?”

அவர் முகம் மாறியது. நெடுநேரம் ஏட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். தாமே படையில் இருந்தவர். இரவுக் காவலும் கொட்டடி உறக்கமும் அறிந்தவர். பின் மெல்லச் சொன்னார்: “அவங்களும் தூங்கிக்கிட்டுத்தானே இருந்தாங்க சாமி. சேர்த்துக்குங்க.”

ஜூலை 10-ஆம் நாள் காலைப் பூசைக்கு வழக்கமாக வரும் முப்பது பேரே வந்திருந்தனர். பூசைக் கருத்தை வாசிக்கும் வேளையில் வாசிக்கப் பெயர் எதுவும் இல்லை. “1806-இல் இந்நாளில் வேலூர்க் கோட்டையில் இறந்த இருதரப்பாரும் இறைவனில் இளைப்பாற” என்று மட்டும் படித்தோம். முன்வரிசையில் முதியவர், இராணுவத்தில் நிற்பதுபோல், கைகளை உடலோடு சேர்த்து நிமிர்ந்து நின்றிருந்தார்.

நம் குடும்பங்களிலும் பெயர் அழிக்கப்பட்டோர் இருக்கின்றனர். சண்டையிட்டுப் பிரிந்தவர், சாதி மாறி மணந்ததால் வீட்டு ஏட்டிலிருந்து நீக்கப்பட்டவர், அவமானத்தோடு மாண்டதால் நினைவுநாள் கொண்டாடப்படாதவர் என எத்தனை பேர்! நவம்பர்த் திங்களில் இறந்தோர் பட்டியல் எழுதி ஆலயத்தில் கொடுக்கும்போது, அந்தப் பெயர்களில் ஒன்றையேனும் இம்முறை சேர்த்து எழுதுவோமா? அவர்களுக்காகக் கேட்க நாம்தான் இருக்கிறோம்.